நிறைகுடம் தளும்பும்: பழைய காருக்கான கூலன்ட் ரிகவரி பாட்டில் கிட், ஒரு மதிப்புரை

அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய ஒவ்வொரு முறையும், என் பழைய காரின் முன்புறத்தில் ரேடியேட்டருக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைக் கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தேங்கி நிற்கும். 1960களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட நான்கு சிலிண்டர் கார் அது. ரேடியேட்டர் மூடிக்குச் சற்றுக் கீழே கிளம்பும் மெல்லிய ஓவர்ஃப்ளோ குழாய் பக்கவாட்டில் இறங்கி, தரையைப் பார்த்தபடி திறந்தே இருக்கிறது. வழிவதைப் பிடித்துவைக்க எந்தப் பாத்திரமும் கிடையாது. அந்தக் காலத்தில் அதை யாரும் குறையாகக் கருதவில்லை. வழிவது பெரும்பாலும் வெறும் நீராக இருந்தபோது அந்த அலட்சியத்தை மன்னித்திருக்கலாம். இன்று நாம் ஊற்றும் கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலோ இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. தேங்கியதை நாயோ பூனையோ நக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே வழியும் கூலன்டைப் பிடித்துவைத்து, இஞ்சின் ஆறியதும் ரேடியேட்டருக்கே திருப்பி அனுப்பும் ரிகவரி பாட்டில் கிட் ஒன்றை வாங்கி, என் கையாலேயே பொருத்தி, மூன்று மாதங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருந்தவை குறைவுதான். ஒரு லிட்டர் பிடிக்கும் ஒளி ஊடுருவும் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில், அதைத் தாங்கும் தகரப் பட்டை, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான ரப்பர் ஹோஸ், புதிய ரேடியேட்டர் மூடி ஒன்று, நான்கு திருகுகள், ஒரே தாளில் அச்சிட்ட குறிப்பு. ஏறக்குறைய இதே பொருட்களைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெட்டிகளில் அடைத்து விற்பதால், நான் வாங்கியது எவருடையது என்பது இங்கே முக்கியமல்ல. இவற்றுள் மற்ற எல்லாவற்றையும்விட மூடியே முக்கியமானது என்பதும், இந்தக் கிட்டில் மிகக் குறைந்த கவனத்தோடு சேர்க்கப்பட்டிருப்பதும் அந்த மூடிதான் என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கின.

கிட் செய்ய வேண்டிய வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். 20 டிகிரி செல்சியஸிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறும் நீர் தன் கன அளவில் ஏறத்தாழ மூன்றரை சதவீதம் விரிகிறது; கிளைக்கால் கலந்தால் விரிவு இன்னும் சற்றுக் கூடும். எட்டு லிட்டர் பிடிக்கும் அமைப்பில் கால் லிட்டருக்கும் மேற்பட்ட கூலன்டுக்கு இடமில்லாமல் போகிறது என்று பொருள். நிறைகுடம் தளும்பாது என்பது பழமொழி. கழுத்துவரை நிரப்பிய ரேடியேட்டர் தளும்பியே தீரும். பாட்டில் இல்லாத பழைய அமைப்பில் கழுத்துக்குக் கீழே இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குக் காலியிடம் விட்டு நிரப்புவதுதான் முறை. நானோ காலையில் மூடியைத் திறந்து, மட்டம் தாழ்ந்திருக்கிறதே என்று விளிம்புவரை ஊற்றிவிடுவேன். கார் தனக்கு வேண்டாததை மாலையில் தரையில் கொட்டிவிடும். மறுநாளும் நான் ஊற்றுவேன். பல மாதங்களாக நடந்த இந்தக் கண்ணாமூச்சியில் பாதிக் குற்றம் என்னுடையதே.

மறுபாதிக் குற்றம் பழைய மூடியினுடையது. ரேடியேட்டர் மூடியை வெறும் அடைப்பாக எண்ணுவோர் பலர். உண்மையில் அது இரண்டு வால்வுகளைக் கொண்ட கருவி. ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட பெரிய வால்வு, கழுத்தின் உள்ளே இருக்கும் விளிம்பில் உட்கார்ந்து, குறிப்பிட்ட அழுத்தம்வரை கூலன்டை உள்ளேயே அடக்கி வைக்கிறது. அதன் நடுவில் இருக்கும் சிறிய வெற்றிட வால்வு, இஞ்சின் ஆறும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சலுக்குத் திறந்துகொடுக்கிறது. பாட்டில் உள்ள அமைப்புக்கு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும்: மூடியின் மேல்தட்டுக்கு அடியில், கழுத்தின் வெளி விளிம்பில் காற்றுப் புகாமல் படியும் ரப்பர் வளையம். பழைய வகை மூடிகளில் அந்த இடத்தில் வளையும் தகடு மட்டுமே இருக்கும். அத்தகைய மூடியை அப்படியே வைத்துக்கொண்டு பாட்டிலை மட்டும் மாட்டினால், கூலன்ட் பாட்டிலுக்குப் போகும், ஆனால் திரும்பி வராது; ஆறும்போது மூடியின் ஓரம் வழியாகக் காற்றுதான் உள்ளே போகும். கிட்டில் மூடியும் சேர்ந்தே வருவதன் காரணம் இதுதான். குறிப்புத் தாளில் இந்தக் காரணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பொருத்தும் வேலைக்கு ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. ரேடியேட்டரின் பக்கத்தில், கழுத்தின் உயரத்துக்குச் சற்றுத் தாழ்வாக, சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலகிய இடத்தில் பட்டையைத் திருகி, ஹோஸை மாட்டி, ரேடியேட்டரைக் கழுத்துவரையும் பாட்டிலை மூன்றில் ஒரு பங்கும் நிரப்பினேன். முதல் ஓட்டம் நாற்பது நிமிடம். வந்து நிறுத்தி இஞ்சினை அணைத்த மறு நிமிடத்தில் பாட்டிலுக்குள் கூலன்ட் கொப்பளித்து ஏறி, பாட்டில் மூடியின் காற்றுத் துளை வழியாக வெளியே சிந்தியது. எந்தத் தேக்கத்தை ஒழிக்க இந்தக் கிட்டை வாங்கினேனோ, அது முன்னைவிட அகலமாகத் தரையில் கிடந்தது.

இஞ்சினை அணைத்த பிறகு கொதிப்பது ஏன் என்பதைப் புரிந்துகொள்வது பயனுள்ளது. ஓடும் இஞ்சினில் வாட்டர் பம்ப் வெப்பத்தை ஓயாமல் ரேடியேட்டருக்குக் கடத்திக்கொண்டே இருக்கிறது. அணைத்த கணத்தில் பம்பும் ஃபேனும் நின்றுவிட, இஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் உலோகத்தில் தேங்கிய வெப்பம் முழுவதும் அசையாமல் நிற்கும் கூலன்டில் இறங்குகிறது. வெப்பமானியின் முள் நிறுத்திய பிறகு ஏறுவது இதனால்தான். அமைப்பில் அழுத்தம் இருந்தால் இந்த ஏற்றத்தை அது தாங்கிக்கொள்ளும்: 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஏழு பவுண்டு) அழுத்தத்தில் வெறும் நீரே சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும், கிளைக்கால் கலந்தால் கொதிநிலை மேலும் சில டிகிரி உயரும். என் காரில் அந்த அழுத்தமே உருவாகவில்லை. இதை அறிய எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. இஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தபோது தடித்த துணியால் மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்தேன், அது துவண்ட கொடி போல எளிதாக நசுங்கியது. அழுத்தம் உள்ள அமைப்பில் அது விறைத்து நிற்க வேண்டும்.

இஞ்சின் முற்றிலும் ஆறும்வரை காத்திருந்து மூடியைக் கழற்றி, வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். ரேடியேட்டர் கழுத்தின் மேல் விளிம்பிலிருந்து உள் விளிம்புவரை 25 மி.மீ. ஆழம். கிட்டுடன் வந்த மூடியோ 19 மி.மீ. ஆழத்துக்கானது. மேலே அது கச்சிதமாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே பெரிய வால்வு விளிம்பைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ரேடியேட்டர் கழுத்துக்கும் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த இரண்டு ஆழங்களும் பழைய கார்களில் பரவலாக இருப்பவை. இதற்கு நேர்மாறான தவறு, அதாவது ஆழம் குறைந்த கழுத்தில் நீண்ட மூடியைத் திணிப்பது, இன்னும் மோசமானது. ஸ்பிரிங் அளவுக்கு மேல் நசுங்கி, மூடியில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலான அழுத்தத்தை அடக்கி வைக்கும்.

கிட்டின் மூடியில் இன்னொரு கோளாறும் இருந்தது. அது 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கானது, என் காரின் கையேடு சொல்வது 7. கூடுதல் அழுத்தம் கொதிநிலையை உயர்த்தும், வெறும் நீருக்கு ஏறத்தாழ 121 டிகிரிவரை கொண்டுபோகும் என்பது உண்மைதான், ஆகவே அதிகமானதே நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஐம்பது ஆண்டுக்கு மேல் பழைய பித்தளை ரேடியேட்டரின் சாலிடர் இணைப்புகளும், ஹீட்டரின் மெல்லிய குழாய்களும், வாட்டர் பம்பின் சீலும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இயல்பான அழுத்தத்தில் கசியாத இணைப்பு இரண்டு மடங்கு அழுத்தத்தில் கசியத் தொடங்கினால், அதைக் கண்டுபிடிக்கும் வேலையும் நம் தலையில்தான் விழும். ஒருவிதத்தில் மூடியின் ஆழம் பொருந்தாமல் போனதே என் ரேடியேட்டரைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். 25 மி.மீ. ஆழமும் 7 பி.எஸ்.ஐ. அழுத்தமும் மேல் ரப்பர் வளையமும் கொண்ட மூடியைத் தனியாக வாங்கி மாட்டிய பிறகு, நிறுத்தியதும் கொப்பளிப்பது அன்றே நின்றது.

ஆனால் கூலன்ட் முழுமையாகத் திரும்பவில்லை. இரவில் பாட்டிலில் ஏறியிருந்த மட்டம் காலையில் பாதிதான் இறங்கியிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு விரற்கடை காலியிடம். உறிஞ்சல் எங்கோ காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. கிட்டின் ஹோஸ், என் ரேடியேட்டரின் சிறு குழாய்முனையைவிடச் சற்று அகலமானது என்பதும், அதை இறுக்கக் கிளாம்ப் எதுவும் பெட்டியில் இல்லை என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டன. கூலன்ட் வெளியேறும்போது அந்த இணைப்பு ஒரு சொட்டுகூடக் கசியவில்லை, உறிஞ்சும்போது மட்டும் காற்றை விட்டது. ஈரம் இல்லை என்பதால் கசிவு இல்லை என்று முடிவுகட்டியது என் தவறு. சரியான உள் அளவுள்ள ஹோஸையும் இரண்டு சிறிய கிளாம்புகளையும் போட்ட பிறகு, மூன்று நான்கு ஓட்டங்களில் ரேடியேட்டர் தன்னிடம் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு முழுமையாக நிரம்பியது. பாட்டிலுக்கு உள்ளே ஹோஸ் அடிவரை இறங்கி எப்போதும் கூலன்டில் மூழ்கியிருக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். குறிப்புத் தாளில் படம் மட்டும் இருக்கிறது, விளக்கம் இல்லை.

ஆக, கிட்டில் வந்தவற்றில் மூடியையும் ஹோஸையும் ஒதுக்கிவிட்டு, பாட்டிலையும் பட்டையையும் மட்டுமே பயன்படுத்துகிறேன். பாட்டில் நன்றாகவே இருக்கிறது. ஒரு லிட்டர் கொள்ளளவு எட்டு லிட்டர் அமைப்புக்குத் தாராளம். குளிர்ந்த மட்டமும் சூடான மட்டமும் வார்ப்பிலேயே கோடுகளாகப் பதிந்திருக்கின்றன. பட்டை மெல்லியது, கார் நின்றபடி இஞ்சின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில் கடகடக்கிறது. இடையில் ஒரு ரப்பர் துண்டை வைத்தபின் அடங்கியது. கறுப்பு வண்ணமும் பித்தளையுமாக இருக்கும் பழைய இஞ்சின் அறையில் வெள்ளை பிளாஸ்டிக் கண்ணை உறுத்துகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பளபளக்கும் அலுமினிய உருளைகளும் கிடைக்கின்றன. அழகுதான், ஆனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மட்டம் தெரியாத பாட்டிலால் எனக்குப் பாதிப் பயன்கூட இல்லை.

ஏனெனில் இந்த மூன்று மாதங்களில் நான் மிகவும் மதித்தது, பாட்டில் கூலன்டைச் சேமிப்பதை அல்ல, அது காரின் நிலையைக் கண்ணுக்குக் காட்டுவதை. சூடேறும்போது மட்டம் ஏறி, ஆறியதும் பழைய கோட்டுக்கே இறங்கினால் அமைப்பு நலமாக இருக்கிறது. ஏறியது இறங்கவில்லை என்றால், என் அனுபவம் காட்டியபடி, மேல் ரப்பர் வளையத்தையும் ஹோஸ் இணைப்புகளையும் வெற்றிட வால்வையும் பார்க்க வேண்டும். ஆறிய காரில் மேல் ஹோஸ் தட்டையாக ஒட்டிப்போயிருந்தால் வெற்றிட வால்வு திறக்கவில்லை அல்லது ஓவர்ஃப்ளோ வழி அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். வெளியே எங்கும் வழிந்தது கண்ணில் படாமலே பாட்டிலின் மட்டம் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்தால், வாட்டர் பம்பின் அடியில் உள்ள கசிவுத் துளையிலிருந்து தேடலைத் தொடங்குவது நல்லது.

அஞ்ச வேண்டியது குமிழிகளைக் கண்டுதான். பொருத்திய முதல் சில ஓட்டங்களில் பாட்டிலில் குமிழி வருவது இயல்பு, உள்ளே சிக்கிய காற்று வெளியேறுகிறது. அதன் பிறகும், ஆறிய இஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடங்களிலேயே குமிழிகள் விடாமல் வந்து, சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறக்கும் முன்பே மேல் ஹோஸ் விறைத்துப்போனால், எரியறையின் வாயு கூலன்டுக்குள் புகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் இடையில் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அரிதாக ஹெட்டிலேயே வெடிப்பு இருக்கும். இதை உறுதிசெய்ய நீலநிறத் திரவம் கொண்ட சோதனைக் குழல் ஒன்று உண்டு. ரேடியேட்டர் கழுத்தில் வைத்து அங்குள்ள காற்றை அதன் வழியே இழுத்தால், கரியமில வாயு இருக்குமானால் பெட்ரோல் இஞ்சினில் திரவம் மஞ்சளாக மாறும். கூலன்டே குழலுக்குள் ஏறிவிடாதபடி மட்டத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் போன்ற படிவைக் கண்டு கேஸ்கெட் போய்விட்டதாக முடிவுசெய்வோர் உண்டு. குறுகிய தூரமே ஓடும் காரில் வெறும் ஈரப்பதமே அந்தப் படிவை உண்டாக்கும் என்பதால் நான் அதை மட்டும் நம்ப மாட்டேன்.

வேகமாக ஓடும்போது மட்டும் பாட்டில் நிரம்பி வழிந்தால் காரணம் வேறு. பழைய கார்களின் ரேடியேட்டர்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கி ஓட்டம் உள்ளவை. மூடி இருப்பது கூலன்ட் வந்து விழும் மேல்தொட்டியில். உட்குழாய்களில் பாதி துருவாலும் படிவாலும் அடைத்திருந்தால், பம்ப் தள்ளும் வேகத்துக்குக் கூலன்ட் கீழே இறங்க முடியாமல் மேல்தொட்டியில் முட்டி, மூடியின் வால்வைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். பக்கவாட்டு ஓட்டம் கொண்ட பிற்கால ரேடியேட்டர்களில் மூடி வெளியேறும் பக்கத்துத் தொட்டியில் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. கீழ் ஹோஸின் உள்ளே இருக்க வேண்டிய சுருள்கம்பி துருப்பிடித்துப் போயிருந்தாலும் பம்பின் உறிஞ்சலில் ஹோஸ் ஒட்டிக்கொண்டு இதே போன்ற சூடேற்றத்தைத் தரும். இஞ்சினை ஓரிடத்தில் நிறுத்தி வேகத்தைக் கூட்டும்போது அதைக் கண்ணாலேயே பார்க்கலாம், கையை மட்டும் ஃபேனிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். நெரிசலில் ஊரும்போது மட்டும் சூடேறினால் ஃபேனையும் பெல்ட்டையும், நிறுத்திய பின் மட்டும் கொதித்தால் ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் பிளாக்கின் உள்ளே சேர்ந்த சேற்றையும் பார்க்க வேண்டும். எப்படியானாலும் நிறுத்தும் முன் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

கிட்டை வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்றை நான் வாங்கிய பின்னர்தான் செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைப்பம்பும் அழுத்தமானியும் கொண்ட பிரஷர் டெஸ்டரை இரவல் வாங்கி, ஆறிய ரேடியேட்டரின் கழுத்தில் மாட்டி, மூடிக்குரிய 7 பி.எஸ்.ஐ. வரை அழுத்தி, கால் மணி நேரம் காத்திருந்தேன். முள் அசையவில்லை. டெஸ்டர் மூடியின் இடத்தில் உட்காருவதால் இந்தச் சோதனையில் மூடிக்குப் பங்கில்லை. அமைப்பு தேறிவிட்டது என்றால் மிச்சமிருப்பது மூடி மட்டுமே. பழைய மூடியின் ரப்பர் கல்லாக இறுகியிருந்ததை அதற்குப் பிறகுதான் உற்றுப் பார்த்தேன். இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்து, சரியான மூடியை வாங்கி, மட்டத்தைக் கீழேயே விட்டிருந்தால், தரையில் தேங்குவது கிட் இல்லாமலே பெரும்பாலும் நின்றிருக்கும்.

ஆகவே கார் உண்மையிலேயே அளவுக்கு மீறிச் சூடேறுகிறது என்றால் இந்தக் கிட்டை வாங்க வேண்டாம். அது வழிவதைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, சூட்டைக் குறைக்காது. மூடியே பாட்டிலின் மீது அமர்ந்து, பாட்டிலும் அழுத்தத்தில் இயங்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க் வகைக் கார்களுக்கும் இது பொருந்தாது; அழுத்தம் தாங்காத இந்த மெல்லிய பாட்டிலை அங்கே மாட்டுவது ஆபத்து. அதேபோல, வாட்டர் பம்பே இல்லாமல் சூட்டு ஓட்டத்தாலேயே கூலன்ட் சுழலும் ஃபோர்டு மாடல் டி போன்ற அழுத்தமில்லாத மிகப் பழைய அமைப்புகளில் அழுத்த மூடியை மாட்டும் எண்ணமே கூடாது.

அழுத்த மூடி உள்ள, ஆனால் பாட்டில் இல்லாத, மற்றபடி நலமாக இருக்கும் காருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன், ஒரு நிபந்தனையோடு: பெட்டியைப் பிரிக்கும் முன் ரேடியேட்டர் கழுத்தின் ஆழத்தை அளந்து, கையேட்டில் உள்ள அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, மூடியைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். விற்பனையாளருக்கு மூடியைப் பற்றி எழுதினேன். எல்லாப் பழைய கார்களுக்கும் பொருந்தும் என்றே பதில் வந்தது. ஐந்தில் மூன்று மதிப்பெண் தருகிறேன், மூன்றும் பாட்டிலுக்கே. அந்த 15 பி.எஸ்.ஐ. மூடி இப்போது என் மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது.